அப்பாவின் இலையிலிருந்து என் இலைக்கு

ஆறாம் வகுப்பு தொடங்கும்போது தைத்த என் பள்ளிச் சட்டைக்கு அரையாண்டுத் தேர்வுக்குள் பொத்தான் போட முடியாமல் போயிற்று. வளர்கிற பிள்ளை என்றார்கள் உறவினர்கள். குறுக்குவாட்டில் மட்டும் வளர்கிறான் என்பதை நாகரிகம் கருதி யாரும் சொல்லவில்லை. அதே மாதங்களில் அப்பா தன் பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு புது ஓட்டை போட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மூளை எனக்கு இல்லை.

அப்பா கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. உலைக்குப் பக்கத்தில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வருவார், வயிறு முட்டச் சாப்பிடுவார், கழுவிய கை காய்வதற்குள் படுத்துவிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நெஞ்செரிச்சல். குனிந்து ஷூ மாட்டினால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வரும். அங்கே பாதிப் பேருக்கு அப்படித்தான். அதற்கு அவர்களிடம் ஒரு விளக்கமும் இருந்தது: உலையின் அனல் உடம்புக்குள் இறங்கிவிடுகிறதாம். அனலுக்கு மருந்து குளிர்ச்சிதானே? ஆகவே மோர், எலுமிச்சை சோடா, மருந்துக் கடையில் விற்கும் ரோஸ் நிறத் திரவம். அந்தத் திரவத்தை நானும் திருடிக் குடித்திருக்கிறேன். சுண்ணாம்பில் புதினா போட்டதுபோல் இருக்கும்.

எரிந்தது உலையின் அனல் அல்ல, வயிற்றின் அமிலம் என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தின்றவுடன் படுத்தால் அது சுலபமாக மேலேறி உணவுக்குழாயை நனைக்கும். உட்தோல் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். வருடக்கணக்கில் இது நடந்தால் சிலருக்குத் தழும்பேறிக் குழாய் குறுகிப்போகும். சிலருக்கு உட்தோலே வேறு மாதிரித் தோலாக மாறிவிடும். மாறிய தோலுக்கு எரிச்சல் அவ்வளவாக உறைக்காது. ஆனால் அபூர்வமாகச் சிலருக்குப் புற்று வைப்பது அதில்தான். அப்பா இந்த மூன்று வரிசையிலும் ஒன்றுவிடாமல் நின்றிருக்கிறார்.

அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புது விளையாட்டு தொடங்கியது. அம்மா கறி பரிமாறிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போவாள். அப்பா தன் தட்டிலிருந்த துண்டுகளை என் தட்டுக்குத் தள்ளுவார்.

"துன்னு நைனா. அம்மாகிட்ட சொல்லிக்கினு இருக்காத."

"உனுக்கு வோணாமா?"

"எறங்க மாட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பெனில அன்ஃபிட்டுன்னு எழுதி வெளிய தொரத்திடுவானுங்க. கொஞ்ச நாள்ல செரியாப் பூடும்."

எனக்குக் காதில் விழுந்தது 'துன்னு' மட்டும்தான். அம்மா திரும்பி வந்தால் நான் இருமிக் காட்ட வேண்டும். அப்படியொரு பொறுப்புணர்வோடு நான் எந்த வேலையையும் அதற்குப் பிறகு செய்ததில்லை. சோற்றைத் தண்ணீர்போல் கரைத்துத்தான் அப்பா விழுங்கினார். அதுவும் வாய்க்கு வாய் ஒரு டம்ளர் தண்ணீரோடு.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆர்.கே.பேட்டையில் பெரிய மாமா மகளுக்குக் காதுகுத்து. கிளம்புமுன் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள்.

"உங்கப்பா நெஜமா சாப்டறாராடா? சட்ட தொங்கினு கீது. இன்னிக்கி எலையில மீதி வச்சார்னா, உங்க மாமாவ விட்டு நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லிடுவேன்."

நான் அதை அப்படியே அப்பாவிடம் ஒப்பித்துவிட்டேன். ஒற்றனுக்கு வேறென்ன வேலை?

பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலை எனக்கு. மச்சான் வீட்டுப் பந்தியில் கறியை ஒதுக்கினால் அது வருடக்கணக்கில் பேசப்படும். மாமாவே வாளியோடு வந்து அப்பா இலையில் நான்கு கரண்டி போட்டுவிட்டு அங்கேயே நின்றார்.

"இன்னா மாப்ள, எங்கூட்டுக் கறிய வேடிக்க பாக்க வந்தியா?"

எதிர் வாசற்படியிலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். நெற்றியில் வியர்த்தது. நான் எழுந்து, தண்ணீர்ச் சொம்பை வாளிபோல் பிடித்துக்கொண்டு, மாமாவின் நடையில் பந்தியின் கடைசிவரை நடந்தேன். தொந்தியை முன்னால் தள்ளி, வேட்டி இல்லாத இடத்தில் வேட்டியைத் தூக்கிக்கட்டி, "கூச்சப்படாம துன்னுங்க, கொழம்பு நெறைய கீது, கறிதான் இல்ல" என்று அவர் குரலிலேயே சொன்னேன். பந்தி மொத்தமும் சிரித்தது. மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. அம்மாகூட என்னைத்தான் பார்த்தாள். திரும்பி வந்தபோது கறி என் இலையில் இருந்தது. எலும்பைக்கூட விடாமல் தின்றேன்.

அப்பாவின் இலை துடைத்தாற்போல் இருந்ததைப் பார்த்து, அம்மா மாமாவிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து கஞ்சியும் இறங்காதபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று டாக்டர் தொடங்கி, முடிக்காமல் விட்டாராம். நான் ஏழாம் வகுப்புக்குப் போனபோது அப்பா இல்லை. அந்தக் கறியைத் தின்றது யாரென்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆயிற்று. அவள் திட்டவில்லை. "கறி நல்லா இருந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று காதுகுத்து முடிந்து திருவள்ளூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் வந்தோம். அம்மா அப்பாவின் தோளில் சாய்ந்து, பல நாள் தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு தின்ற எனக்கு நெஞ்சில் லேசாக எரிந்தது.

"உனுக்கு எரியுதாப்பா?"

"இல்ல நைனா. இப்பல்லாம் எரியறதே இல்ல."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே அம்மாவை எழுப்பிச் சொல்ல வேண்டும்போல் தோன்றியது. பாவம், தூங்கட்டும், நல்ல செய்திதானே, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.