அகராதித் துரைக்கு ஒரு வாய்த் தண்ணீர்

பக்கவாதத்தில் கிடந்த எங்கள் பெரிய துரை போன செய்தியை என் வாசலுக்குக் கொண்டுவந்தவள், பங்களாவில் கூட்டித் துடைக்கும் அஞ்சலை. "தொரை விடியக்காலம் போயிட்டாரு, கங்காணியம்மா" என்றாள். காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சீனி கேட்டாள். அவள் அழவில்லை, நானும் அழவில்லை.

ஜொகூரில் செனாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவருக்குக் கீழே மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான். இந்த லயத்து வரிசை வீடுகளில் அப்படி இன்னொருத்தி இல்லை.

துரை இந்தியாவில் பட்டாளத்துக் கேப்டன். இந்துஸ்தானிக்கு இரண்டு அகராதி போட்டவர். இந்தியாவிலிருந்து வந்த சனமெல்லாம் அந்தப் பாஷைதான் பேசும் என்று நம்பி இங்கே வந்தார். முதல் நாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில் நின்று நீளமாகப் பேசினார். சனம் அவர் வாயையே பார்த்தது. "தொரைக்குப் பல்வலி போல" என்றார் கங்காணியான என் வீட்டுக்காரர். தப்பு தன்னுடையது என்று துரைக்குத் தோன்றவில்லை. நாங்கள்தான் மறந்துவிட்டோம் என்று முடிவு கட்டினார். அன்றுமுதல் எதையும் அந்தப் பாஷையில்தான் கேட்க வேண்டும். தமிழில் கேட்டால் அவருக்குக் காது கேட்காது.

நல்லதையும் சொல்லவேண்டும். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, எந்நேரமும் எழுத்துத்தான். "பிர் போலோ" என்பார். திரும்பச் சொல் என்று அர்த்தம். என்னிடமும் ஒருமுறை சொன்னார். நான் தமிழிலேயே பதில் சொன்னேன். அதற்காக வீட்டுக்காரரைப் பெரட்டில் பின்வரிசையில் நிறுத்தினார். நிற்கட்டும் என்றேன்.

அஞ்சலையின் மகளுக்குக் காய்ச்சலில் இழுப்பு வந்தது. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போக லாரி வேண்டும். துரை சொன்னால்தான் லாரி நகரும். லாரி கேட்பதற்கான ஒரு வாக்கியத்தை அந்தப் பாஷையில் காவல்கார சிங்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பங்களாப் படியில் நின்று சொன்னாள். நானும் கூட நின்றேன். துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பிர் போலோ" என்றார். சொன்னாள். திருத்தினார். "பிர் போலோ." நாக்கை எங்கே வைப்பது என்று தன் வாயைத் திறந்து காட்டினார். அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கைதட்டி, லாரியை எடுக்கச் சொன்னார். பிள்ளையின் தலை அதற்குள் சரிந்திருந்தது. லாரி செனாயைத் தாண்டாமலே திரும்பி வந்தது.

நன்றாகப் பேசுகிறாள் என்று மறுவாரமே அவளைப் பங்களா வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

காப்பியைக் குடித்து முடித்த பிறகுதான் அஞ்சலை மீதியைச் சொன்னாள். விடியும் நேரத்தில் துரை கோணிய வாயால் "பானி" என்று தண்ணீர் கேட்டாராம்.

"டம்ளரக் கையில வச்சிக்கிட்டு நின்னேன். பிர் போலோன்னேன். சொன்னாரு. மறுபடியும் பிர் போலோன்னேன். மூணாந்தரம் சுத்தமாச் சொன்னாரு, கங்காணியம்மா. அப்பறந்தான் குடுத்தேன்."

"குடிச்சாரா?"

"பாதி."

அவருடைய அகராதிகள் எங்கே போய்ச் சேருமோ தெரியாது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது "பிர் போலோ" என்ற அந்த இரண்டு சொற்கள்தான். வகுப்பில் முதலாவதாக வரும் என் பேரன் பாடம் ஒப்பிக்கையில் தடுமாறினால், அவை என் நாக்கு நுனிவரை வரும். அவன் தண்ணீர் கேட்டால் மட்டும் முதல் தரத்திலேயே எழுந்துவிடுகிறேன்.