கண்ணைச் சுற்றி என்ன நிறம்?

கார் பட்டறையில் எல்லாரும் அவளைக் 'கலர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இடிபட்ட வண்டிக்குப் புதுக் கதவு மாட்டினால், மற்ற பாகங்களோடு ஒட்டிப்போகிற மாதிரி பெயிண்டைக் கலப்பது அவள் வேலை. கல்யாணமே வேண்டாம் என்று தங்கை வீட்டு மாடியில் இருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழங்காலப் பறவைப் படங்கள். கோடுகள் மட்டும் அச்சில் வந்திருக்கும். நிறத்தை ஒவ்வொரு தாளிலும் யாரோ கையால் தீட்டியிருப்பார்கள். அந்தத் தூரிகைத் தடங்களைப் பார்க்க உட்கார்ந்தால் பசி, தாகம் தெரியாது.

ஒருநாள், டாக்சி ஓட்டும் தங்கை கணவன் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு படத்தோடு மூச்சிரைக்க மாடியேறி வந்தான். டூக்கன் பறவை. அவள் சுவரில் மாட்டியிருந்த அதே படம். அதே கிளை, அதே பெரிய அலகு. ஆனால் அவளுடையதில் கண்ணைச் சுற்றி ஆரஞ்சு. இதில் நீலம்!

"மாப்ள, உன் ஆளு தூக்கக் கலக்கத்துல தீட்டியிருக்கான்."

"உங்க ஆளுதான்கா டப்பாவ மாத்தி எடுத்திருக்கான். நீலம் தப்புன்னா என் மீசைய எடுத்துடறேன்!"

சத்தம் கேட்டு வந்த தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "மிருகக்காட்சி சாலையில ஒண்ணு இருக்காமே. போய் அதுகிட்டயே கேளுங்க."

ஞாயிற்றுக்கிழமை மூவரும் டாக்சியில் கிளம்பினார்கள். கூண்டில் இலைகள்தான் தெரிந்தன. கம்பி வலையில் மூக்கு பதிய நின்றாள் அக்கா. மாப்பிள்ளை விசிலடித்துப் பார்த்தான். கால் கடுத்துத் தங்கை உட்காரப் போன நேரம், தொப்பென்று ஒன்று முன்கிளையில் வந்து குதித்து, தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்தது.

கண்ணை ஒட்டி நீல வளையம். அதைச் சுற்றி ஆரஞ்சு!

"ரெண்டும் இருக்குடா மாப்ள!" என்று அக்கா போட்ட கூச்சலில் பராமரிப்பாளர் ஓடிவந்தார்.

"என்னம்மா, கொத்திடுச்சா?"

விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். "செத்துட்டா அந்தத் தோல் நிறம் மங்கிடும்மா. அந்தக் காலத்துல தூரதேசத்துலேர்ந்து பெட்டியில வந்த காஞ்ச பறவையப் பார்த்துத் தீட்டியிருப்பாங்க. பாவம், ஆளுக்கொரு ஊகம்."

"அப்ப பாதி மீசைய எடுத்துடலாமா?" என்றாள் தங்கை.

அக்காவுக்கு அது காதில் விழவில்லை. தீட்டியவர்கள் யாருமே உயிரோடு பார்த்திராத பறவை தன் எதிரில் நிற்கிறது என்ற நினைப்பில் அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த வேகத்தில் வெள்ளைத்தாளைப் படத்தின் மேல் வைத்துக் கோடுகளை நகலெடுத்தாள். அடுத்தவர் காருக்கே நிறம் கலந்து பழகிய கை, முதன்முதலாகத் தனக்காகத் தூரிகை பிடித்தது. கிழித்துப் போட்ட தாள்கள் காலடியில் குவிந்தன. கடைசியில் ஒன்று தேறியது. பறவை அவளையே குறும்பாகப் பார்த்தது.

அதைக் கொண்டுபோய்ப் பராமரிப்பாளரிடம் காட்டினாள். அவர் கேட்டு வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூண்டருகே மாட்டினார்.

இப்போதெல்லாம் மாப்பிள்ளையின் டாக்சியில் ஏறுகிறவர்கள் தப்பிக்க முடியாது. "எங்க அக்கா தீட்டின படம் மிருகக்காட்சி சாலையில தொங்குது சார். ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமா?"