வாள்பிடியில் குங்குமம்

பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற புன்னைவனம், பெற்ற பிள்ளை கையெழுத்துப் போட்டாலும் ஒருமுறை சரிபார்ப்பார். வெள்ளைக்காரன் காலத்து ராணுவ அதிகாரிகளின் வாள்களைச் சேர்ப்பது அவருடைய பித்து. சங்கரன்கோவிலில் அது பலருக்குத் தெரியாது. தெரிந்தால் திருட வருவார்கள் என்பது அவர் கணக்கு.

வாளில் பொறித்த பெயரையும் வருஷத்தையும் அவர் மதிப்பதே இல்லை. அதை எந்தப் பட்டறையிலும் வெட்டிவிடலாம். தலைமுறையாக ஒரு வீட்டில் இருந்த வாள் என்றால் ஆயுதபூஜை தோறும் பொட்டு வாங்கியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் கைப்பிடி இடுக்கில் பழைய குங்குமம் கறுத்துக் கிடக்கும். அதைத்தான் ஊசியால் நோண்டிப் பார்ப்பார். இந்த ரகசியத்தை மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

போன வாரம் ராயகிரித் தரகர் சீவலமுத்து ஒரு வாள் கொண்டுவந்தார். நோண்டியதும் ஊசி முனையில் கறுத்த குங்குமம் வந்தது. புன்னைவனத்துக்கு மனசு நிறைந்துவிட்டது.

“யார் வீட்டு வாள் வே?”

“பாளையங்கோட்டையில ஒரு கேப்டன் வீடு அண்ணாச்சி. நாலு தலைமுறையா வேதக்காரங்க. சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, ஜெபம் பண்ணிட்டுத்தான் எடுத்துத் தந்தாங்க.”

புன்னைவனம் ஊசியையே பார்த்தார். அந்த வீட்டில் வாளுக்குப் பொட்டு வைத்தது யார் என்று கேட்கவில்லை.

“வேண்டாம், எடுத்துட்டுப் போம்.”

சீவலமுத்து போனதும் அலமாரியைத் திறந்தார். இருந்த ஏழு வாள்களில் ஐந்து சீவலமுத்து தந்தவை. ஐந்தையும் நோண்டிய நாட்களில், இடுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று செல்போன் டார்ச் அடித்துக் காட்டியதும் சீவலமுத்துதான்.