சின்னக் கைக்கு ஒரு ஷஃபிள்

சின்னமனூரில் வளையல் வாங்கப் போனால் கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்த்துவிட்டு நேராகச் சின்னப் பிள்ளைகளுக்கான பெட்டியை எடுத்து வைப்பார். எனக்குப் பன்னிரண்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள், என் வளையல் அவள் கையில் ஏறாது. இதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. திராட்சைத் தோட்டத்தில் சின்னக் கைக்கு மரியாதை உண்டு. நெருக்கமான குலைக்குள் விரலை விட்டு, அழுகின பழத்தை மட்டும், பக்கத்துப் பழத்தின் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு கலையாமல் எடுக்க வேண்டுமென்றால் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். கை சின்னதாக இருப்பது ஒரு குறை என்று எனக்குச் சொன்னது கிட்டார்தான்.

கிட்டார் என் தம்பியுடையது. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு நாள் காலையில் முதுகில் ஒரு பை, தோளில் கிட்டார் உறை என்று கம்பம் பஸ்ஸிலிருந்து எங்கள் ஊர் விலக்கில் இறங்கி, நடந்து வீட்டுக்கு வந்தான். “லீவாப்பா?” என்று அம்மா கேட்டதற்குத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் அவன் சொன்ன சேதி. அதன் பிறகு வாயே திறக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்றால் தட்டை எடுத்து வைப்பான். வேண்டாமென்றால் எழுந்து மாடிக்குப் போய்விடுவான். வாரங்கள் போய் மாதங்கள் ஆயின.

அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா முதலில் கோபப்பட்டார், பிறகு பயந்துபோனார். பயந்த அப்பாவைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தேனியில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை கொடுத்தார். “இதுக்கு நாளாகும். பேசு பேசுன்னு யாரும் நெருக்காதீங்க. ஆனா தனியாவும் விட்றாதீங்க” என்றார். என்னைக் கட்டிக்கொடுத்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். சமையலை முடித்துவிட்டு வந்து மாடியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும் வேலை என் தலையில் விழுந்தது. பேசாமல் உட்காருவது எனக்குப் பிறந்ததிலிருந்தே வராத காரியம். என் வாயைப் பற்றி ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

அவன் செய்த ஒரே காரியம் கிட்டார் வாசித்ததுதான். போனில் ஏதோ ஒரு தாளம் ஓடும். கனத்த கம்பிகளில் ஒரே மாதிரி, நொண்டி நொண்டி நடக்கிற மாதிரி ஒரு ஓட்டம். அதன் மேல் அவன் மெல்லிய கம்பிகளை அழுத்தி இழுத்து, அழுகிறதா கேலி செய்கிறதா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்புவான். அதற்கு ப்ளூஸ் என்று பெயராம், கீழே ஓடுவது ஷஃபிளாம். என் மகள் சொன்னாள். கோயில் பாட்டும் சினிமாப் பாட்டும் தவிர வேறு கேட்டிராத எனக்கு அது பிடித்துப்போனது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போன் சார்ஜ் இல்லாமல் அணைந்தது. கீழே ஓடின தாளம் நின்றது. அவன் கையும் நின்றது. தரை போய்விட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தான். எனக்கு வந்ததே கோபம், அவன் மேல் இல்லை, அந்தப் போன் மேல். கூடப் பிறந்தவள் கல்லுமாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இவனுக்குத் துணை போனா? அந்த நொண்டித் தாளத்தை நான் வாசித்தால் என்ன என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கிட்டாரைத் தொட்டுப் பார்த்திராதவள் எடுத்த முடிவு.

கோயில் பாடற்குழுவில் இருந்த காலத்தில் அவன் வாசித்த பழைய கிட்டார் பரண் மேல் கிடந்தது. தேனிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினேன். தம்பி பார்த்துவிட்டுத் தன் கிட்டாருக்குத் திரும்பினான். மகள் போனில் கிட்டார் சொல்லித்தருகிற வீடியோ ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் பட்டைகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். ஷஃபிளுக்கு ஆள்காட்டி விரல் இரண்டாவது ஃப்ரெட்டில் அசையாமல் நிற்க வேண்டும். மோதிர விரல் நாலாவது ஃப்ரெட்டுக்குப் போய்ப் போய் வர வேண்டும். பார்க்க ஒன்றுமே இல்லை. வைத்துப் பார்த்தால் என் மோதிர விரல் மூன்றைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அதை இழுத்தால் ஆள்காட்டி விரல் இடத்தை விட்டு எழுந்துவிடுகிறது. “நல்லா விரிங்க, போகப் போக வந்துரும்” என்று வீடியோக்காரர் சிரிக்கிறார். வாழைச்சீப்பு மாதிரி கை அவருக்கு. சொல்லமாட்டாரா பின்னே.

தோட்டத்தில் அப்போது பழைய கொடியை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து புதுத் தளிர் வந்திருந்தது. கொடி கட்டுகிற நேரம். இளங்கொடியை எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் இழுத்து, பந்தல் கம்பியில் சணல் போட்டுக் கட்டிவிட்டால், அது முரண்டு பிடிக்காமல் அங்கேயே ஓடும். பிறந்ததிலிருந்து நாங்கள் பார்க்கிற வேலை. கட்டிக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தோன்றியது, கொடிக்கு ஆகிறது விரலுக்கு ஆகாதா? வீட்டுக்கு வந்ததும் கவாத்தில் வெட்டிப் போட்ட காய்ந்த குச்சி ஒன்றை அளவாக ஒடித்தேன். இடது கை ஆள்காட்டி விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், நடுவிரலுக்கு மேலாகக் குறுக்கே கொடுத்து, இரண்டு பக்கமும் சணலால் இறுக்கிக் கட்டினேன். பல்லால் முடிச்சுப் போட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “கைக்கே பந்தல் போட்டுட்டியா? எப்பக் காய்க்கும்?” என்றார். அவரைத் திட்டிவிட்டு அப்படியே தூங்கிவிட்டேன்.

காலையில் விரல்கள் வெண்டைக்காய் அளவிலிருந்து கத்திரிக்காய் அளவுக்கு வந்திருந்தன. சணல் சதைக்குள் போயிருந்தது. முடிச்சு அவிழவில்லை. யாரிடமாவது காட்டினால் சிரிப்பார்கள் என்று முந்தானையில் மறைத்துக்கொண்டு மாடிக்குப் போய், வழக்கம்போல் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். வலி தாங்காமல் கை தானாக மடிக்கு வந்துவிட்டது. அவன் பார்த்தான். கிட்டாரைக் கீழே வைத்தான். விறுவிறுவென்று இறங்கிப் போய்க் குலை வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தான். என் கையைத் தன் முட்டியின் மேல் வைத்து, சதையில் படாமல் ஒவ்வொரு இழையாக வெட்டினான்.

“லூசாக்கா நீ?” என்றான்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். பதில் சொன்னால் கெட்டுவிடுமோ என்று பயந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“கை என்ன கொடியா, இழுத்துக் கட்டுனா ஓடுறதுக்கு?” என்றான். மாடிப்படியில் காப்பி கொண்டு வந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். என் விரல்களையே தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

வீக்கம் வடிந்ததும் அவனே என் கிட்டாரை எடுத்து என் மடியில் வைத்தான். பையிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து அதன் கழுத்தில் மாட்டினான். அதற்குக் கேப்போ என்று பெயர். எங்கே மாட்டுகிறோமோ அங்கிருந்து கம்பிகள் தொடங்குகிற மாதிரி ஆகிவிடும்.

“நீ ஆரம்பத்துலயே நின்னு மல்லுக்கட்டுற. அங்கன ஃப்ரெட்டு அகலம். உடம்புப் பக்கம் வர வரக் குறுகிக்கிட்டே வரும். உன் கைக்கு இங்கன வா.”

அங்கே வைத்துப் பார்த்தேன். மோதிர விரலை விட்டுவிட்டுச் சுண்டுவிரலை வைக்கச் சொன்னான். கட்டைவிரலைக் கழுத்தின் பின்னால் நடுமுதுகுக்கு இறக்கினான். சுண்டுவிரல் எட்டியது. சும்மா எட்டவில்லை, தாராளமாக எட்டியது. இந்த ஒரு காரியத்துக்கா நான் கையைப் பந்தலாக்கினேன் என்று அவனைத் திட்டினேன். “முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?” என்று வந்துவிட்டது வாயில். அவன் முகம் சுருங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வலது கைக்குத்தான் அதன் பிறகு பாடு. நான் அடித்தால் தறி ஓடுகிற மாதிரி சமமாக விழுந்தது, நொண்டவில்லை. “தகிட தகிடன்னு மனசுக்குள்ள சொல்லு. த-வையும் ட-வையும் அடி, நடுவுல உள்ளத முழுங்கிரு” என்றான். நடுவில் உள்ளதை முழுங்குவது எனக்கு எப்போது வந்தது? தோட்டத்தில் கொடி கட்டும்போது சொல்லிப் பார்த்தேன், நடந்து போகும்போது சொல்லிப் பார்த்தேன். “என்ன ஆத்தா, வேலைக்கு நடுவுலயும் செவமாலையா? மாதா சீக்கிரம் எறங்கி வந்துருவாக” என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்தார்கள். சொல்லட்டும். ஒரு நாள் அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது கரண்டி நொண்டியது. ஓடிப்போய்க் கிட்டாரை எடுத்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது, ஆனால் ஷஃபிள் வந்துவிட்டது.

தம்பி என்னிடம் பேசினான், ஆனால் கிட்டாரைப் பற்றி மட்டும். சுண்டுவிரல், கேப்போ, தாளம். அதைத் தாண்டி ஒரு சொல் கிடையாது. ஒரு தடவை அப்பா ஆசையாக மாடிக்கு ஏறி வந்து, “பெங்களூருல என்னப்பா ஆச்சு? சொன்னாத்தான தெரியும்” என்று கேட்டுவிட்டார். தம்பி மூன்று நாள் கிட்டாரையே தொடவில்லை. நான் அப்பாவிடம் கத்திவிட்டேன். “நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா, தளிரு இப்பத்தான் வருது” என்றேன். தோட்டக்காரரிடம் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தலையை ஆட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான் கிடந்தது. என்ன நடந்தது என்று தெரியாமல் அவனை எதிலிருந்து காப்பாற்றுவது?

பிறகு ஒரு மத்தியானம். மழை பெய்து ஓய்ந்து, தோட்டத்தில் வேலை இல்லை. நான் ஷஃபிளை ஆரம்பித்தேன், அவன் மேலே வாசித்தான். அன்றைக்குப் போன் கீழே சமையற்கட்டில் கிடந்தது. ப்ளூஸின் ஒரு சுற்றான பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாளக்கட்டு, சுற்றி வந்து மறுபடி முதலுக்கு வந்தோம். நான் தப்பாமல் வந்துசேர்ந்தேன். எனக்குக் கர்வமாக இருந்தது. அப்போது அவன் வாசிப்பதை நிறுத்தினான். சரி, போதும் போல என்று நானும் கையை எடுக்கப் போனேன்.

“நிறுத்தாதக்கா” என்றான். “நீ வாசி.”

வாசித்தேன். என் விரல்களைப் பார்க்காமல் எனக்கு வாசிக்க வராது, அதனால் குனிந்தபடியே இருந்தேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பேச ஆரம்பித்தான். எப்போதும் கிட்டார் வாசிக்கிற இடத்தில், என் தாளத்துக்கு மேல், விட்டு விட்டுப் பேசினான்.

வேலை போய்விட்டதாம். நிறையப் பேருக்கு ஒரே நாளில், கம்ப்யூட்டரில் வீடியோ கால் போட்டு, முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்களாம். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. கூடத் தங்கியிருந்தவர்களிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் குளித்து, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் வரைக்கும் பார்க்கில் உட்கார்ந்திருந்தானாம். எங்களுக்குப் போன் செய்து, வேலை அதிகம் என்று சொன்னதெல்லாம் அந்தப் பெஞ்சிலிருந்துதான்.

“ஒரு நாள் பார்க்குக்குப் போகலக்கா. மொட்டை மாடிக்குப் போனேன்.”

கம்பியை மாற்ற வேண்டிய இடம் வந்தது, மாற்றினேன். நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. கண்ணீர் கிட்டார் மேல் சொட்டியது, துடைக்கக் கை இல்லை.

“சுவத்து மேல ஏறி நின்னுட்டேன். பின்னாடி ஒரு அம்மா வாளியத் தூக்கிட்டு வந்தாக. நான் என்ன பண்றேன்னு அவுக பாத்தாகளா பாக்கலையான்னு இன்னைக்கும் தெரியல. ஈரப் போர்வையோட ஒரு முனைய என்னையப் பாத்து நீட்டுனாக. புடிங்கிறாக, கன்னடத்துல. பெரிய போர்வை, ஒரு ஆளாப் பிழிய முடியாது. எறங்கி வந்து புடிச்சேன். அவுக ஒரு பக்கம் முறுக்க, நான் ஒரு பக்கம் முறுக்க, தண்ணி கொட்டுச்சு. கொடியில போட்டோம். நேரா கீழ போயி, பையையும் கிட்டாரையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.”

அவ்வளவுதான் என்றான். நான் இன்னும் ஒரு சுற்று வாசித்தேன், நிறுத்தத் தெரியவில்லை. அவன் கிட்டாரை எடுத்து என்னோடு சேர்ந்துகொண்டான்.

அன்று சாயங்காலம் அவனே இறங்கிப் போய் அப்பாவிடம் சொன்னான். இப்போது மதுரையில் வேலை பார்க்கிறான், சனிக்கிழமை ஆனால் ஆண்டிபட்டி வழியாக வந்துவிடுகிறான். மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார். யாருக்கெல்லாமோ நன்றி சொல்கிறோம், அம்மா வேளாங்கண்ணிக்குப் போய் வந்துவிட்டாள். நான் ஞாயிறு பூசையில் ஒரு மெழுகுதிரி மட்டும் தனியாக வைப்பேன். பெயர் தெரியாது, ஊர் தெருத் தெரியாது, எங்கள் சாமியைக் கும்பிடுகிறவர்தானா என்பதும் தெரியாது. அந்தப் போர்வையை இரண்டு பேராகத்தான் பிழிய வேண்டும் என்று நினைத்த அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.