மயில் லைட்டும் ரெட்டைக் காயிலும்

ரேடியோ ரிப்பேர்க் கடையில் ரேடியோவைப் பழுது பார்ப்பது கால்வாசி வேலைதான். மீதி முக்கால்வாசி, வாடிக்கையாளர் ஆசைப்பட்டதை அவர் மனம் நோகாமல் வேண்டாம் என்று சொல்வது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியும். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி சால்டரிங் அயர்னைப் பிடித்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

காரைக்குடியில் சோமு அண்ணன் கடையில் நான் சேர்ந்தது எழுபத்திரண்டில். ரேடியோ, சவுண்டு செட், திருவிழா லைட் எல்லாம் அங்கே உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் செய்யும் ஒவ்வொரு தப்பும் குடும்பத்தின் தப்பாகிவிடுமோ என்று எப்போதும் ஒரு பயம். அந்தப் பயத்தோடு பார்த்த ஒரு வேலையின் கதை இது.

மயில் ஆடினால் உறுமும்

ஆரோக்கியசாமி பள்ளிக்கூட வாத்தியார். மாலை நேரங்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு மூன்று வருடம் தானாகவே கற்றுக்கொண்டவர். ஒரு நாள் கிட்டாரைத் துணியில் சுற்றி, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கடைக்குக் கொண்டுவந்தார்.

ஒக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் போன வருடம் நடந்ததைச் சொன்னார். மேடைக்குப் பின்னால் இருபதடி உயரத்தில் வண்ண பல்புகளால் ஆன மயில் லைட் கட்டியிருந்தார்களாம். மயில் தோகையை விரிக்கும்போதெல்லாம் இவருடைய கிட்டார் உறுமியிருக்கிறது. லைட்டை அணைக்கச் சொன்னதற்கு ஊர்க்காரர்கள் சம்மதிக்கவில்லை. மூன்றாவது பாட்டோடு கிட்டார் பெட்டிக்குள் போய்விட்டது. இந்த வருடமும் அதே ஊர், அதே மயில். குழுவை நடத்தும் பாடகர் பாண்டித்துரை தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம்: இந்தத் தடவையும் உறுமினால் இனிக் குழுவில் பேஸ் கிட்டார் கிடையாது.

அந்த மயில் எங்கள் கடை மயில்தான். அதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். சோமு அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாத்தியாரிடம் சொன்னார்: "மயில அவுக்க முடியாது வாத்தியாரே. ஆனா நம்ம பி.எஸ்ஸி பாப்பாரு. படிச்சவுக, தப்பு வராது."

அன்று மத்தியானமே பழைய இயற்பியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தேன்.

எந்தத் திசை பார்ப்பது

கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் ஒரு பிக்கப் இருக்கும். காந்தமும் அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளான காயிலும் சேர்ந்தது அது. கம்பியின் அதிர்வை அது பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். பக்கத்தில் கரண்ட் ஒயர் போனால் அந்த இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நல்லது எது, கெட்டது எது என்று அதற்குத் தெரியாது.

கடையில் இருந்த எல்லா ட்யூப்லைட்டையும் போட்டுவிட்டு வாத்தியாரை வாசிக்கச் சொன்னேன். உறுமியது. அவரை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். வடக்கே பார்த்து நின்றபோது உறுமல் பாதியாகக் குறைந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். செலவே இல்லாத வைத்தியம் அல்லவா? மேடையிலும் இப்படி ஒரு திசை பார்த்து நின்றுகொள்ளலாமே என்றேன். வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"பாடுறவரு சனத்தப் பாத்து நிப்பாரு. நான் மட்டும் அங்குட்டுத் திரும்பி நின்னா, குழுவோட சண்டை போட்டுட்டு நிக்கிற மாதிரில தம்பி இருக்கும்."

சத்தம் கம்மியான சரக்கு

பிக்கப்பையே மாற்றுவது என்று முடிவாயிற்று. மூன்று பிக்கப்புகள் மேஜைக்கு வந்தன. பினாங்கிலிருந்து வாத்தியாரின் மைத்துனர் கொண்டுவந்தது ஒன்று. பளபளவென்று வெள்ளி மூடி, ரெட்டைக் காயில். ஆனால் அது ஆறு கம்பி கிட்டாருக்கு உரியது. பேஸ் கிட்டாரின் நாலு கம்பிக்கு அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டு கம்பிகள் காந்தத்தின் மேலே வராமல் இடைவெளியில் நின்றன. இரண்டாவது, மெட்ராஸிலிருந்து வந்த ஒற்றைக் காயில். சத்தம் கடையைத் தூக்கியது, உறுமலும் அதே அளவுக்கு. மூன்றாவதும் மெட்ராஸ்தான். பேஸ் கிட்டாருக்கென்றே செய்த ரெட்டைக் காயில். உருவத்தில் செங்கல் துண்டு மாதிரி, சத்தமும் சாதாரணம்.

ரெட்டைக் காயிலின் சூட்சுமம் இதுதான்: இரண்டு காயிலும் எதிரெதிராக வேலை செய்யும். வெளியிலிருந்து வரும் உறுமலை ஒன்று கூட்டினால் மற்றது கழித்துவிடும். கம்பியின் நாதம் மட்டும் இரண்டிலும் சேர்ந்து வரும். இதைக் காகிதத்தில் படம் போட்டு விளக்கிவிட்டு, மூன்றாவதுதான் சரி என்றேன். வேண்டிய சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிய பிறகு உறுமலைப் பிரித்தெடுக்க முடியாது என்றும் சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் சவுண்டு செட்டுக்கு ஒரே அளவுகோல்தான்: எத்தனை ஊர் தாண்டிக் கேட்டது? சோமு அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வாத்தியார் என் முகத்தையே பார்த்தார். பாண்டித்துரை அன்று கூடவே வந்திருந்தார். படத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் கம்மியா இருக்குறத நல்ல சரக்குன்னு சொல்ற சவுண்டு செட்டுக் கடைய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

ஆனாலும் வாத்தியார் அதைத்தான் எடுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டு அவர் மனம் மாறிவிட்டால்?

கோழிக்கூட்டு மரம்

புதிய பிக்கப் பழைய குழிக்குள் போகவில்லை. இரண்டு விரல் அகலம் மரத்தைக் குடைய வேண்டும். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளுக்குக் கதவு நிலை பார்க்கும் காளிமுத்து ஆசாரியை அழைத்து வந்தோம். ஆசாரி மரத்தில் உளியை வைத்ததும் வாத்தியார் டீ குடிக்கப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் போக இடமில்லை. மரத்தில் போட்டிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தபடி நின்றேன்.

கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கோடு துளியும் தாண்டவில்லை. ஆசாரி சீவலைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தார். "குழி சுத்தமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த மரத்துல எங்க ஊருல கோழிக்கூட்டுக்குக்கூடக் கதவு போட மாட்டாக."

அளந்தவனும் கேட்டவரும்

இனி வருவது என் தப்பு. மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் யாராவது இதையே செய்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இரண்டு காயிலையும் இணைத்து சால்டர் வைத்தேன். மீட்டரில் மின்தடையை அளந்தேன். வர வேண்டிய எண் வந்தது. பயத்தில் இன்னும் மூன்று தடவை அளந்தேன். அதே எண். திருகுகளை முடுக்கி, துடைத்து, வாத்தியார் கையில் கொடுத்தேன். அவர் கம்பியைத் தட்டினார். கொசு பாடுவதுபோல் ஒரு மெல்லிய சத்தம். அதன் பின்னால் முன்பைவிட இரண்டு மடங்கு உறுமல்.

வாத்தியார் கிட்டாரை மேஜை மேல் வைத்துவிட்டார். திருவிழாவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. நான் படம் போட்ட காகிதத்தை எடுத்து விரித்தேன். அப்போதுதான் புரிந்தது. ஒரு காயிலின் ஒயர்களை முன்பின்னாக மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கழிய வேண்டியது கூடியிருக்கிறது, கூட வேண்டியது கழிந்திருக்கிறது. ஒயரை எப்படி மாற்றிக் கொடுத்தாலும் மீட்டர் அதே எண்ணைத்தான் காட்டும். அதை நம்பித்தான் நான் நாலு தடவை நிம்மதி அடைந்திருக்கிறேன்.

தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு ஒயரை மாற்றி சால்டர் வைத்தேன். வாத்தியார் மறுபடி தட்டினார். மேஜை மேலிருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. அவர் வாசிப்பை நிறுத்தினார். கடை முழுக்க அமைதி. தலைக்கு மேல் ஆறு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தன. சோமு அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார், அதுவும் கோபமில்லாமல்: "நாலு தடவ அளந்தீக பி.எஸ்ஸி. ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

இருபதடி மயில்

திருவிழாவன்று பொழுது சாய்ந்ததும் கச்சேரி. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் என் இடம். மேடைக்குப் பின்னால் மயில்; அதற்கு வரும் தடித்த ஒயர் வாத்தியாரின் முதுகுக்கு மூன்றடி தள்ளி. அதைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டேன். ஊர்த் தலைவரான அம்பலகாரரே நின்று கட்டவைத்த இடம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் பாட்டில் மயில் அசையவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில் சோமு அண்ணன் சுவிட்சைத் தட்டினார். பச்சையும் நீலமுமாகத் தோகை ஒவ்வொரு வரிசையாக ஏறி விரிந்தது. கூட்டம் மயிலைப் பார்த்தது. நான் வாத்தியாரின் விரல்களைப் பார்த்தேன். பாண்டித்துரை பாடிக்கொண்டே கழுத்தைத் திருப்பி, உறுமலுக்காகக் காத்திருந்தார்.

வரவில்லை. வாத்தியார் பயந்து பயந்து சத்தத்தை ஒரு கோடு ஏற்றினார். அப்புறம் இன்னொரு கோடு. கடைசியில் கிட்டாரின் சத்தத் திருகை முழுக்கவே திருப்பிவிட்டார். மேடைப் பலகை வழியாக அந்த நாதம் என் உள்ளங்காலுக்கு வந்தது. முன் வரிசையில் ஒரு பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தபேலாக்காரர் வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாவது பாட்டு முடிந்தது, நாலாவது போனது, கிட்டார்ப் பெட்டி மூடியபடியே கிடந்தது. பத்துப் பாட்டும் வாசித்தார்.

முடிந்ததும் பாண்டித்துரை நேராக வாத்தியாரிடம் வந்தார். பாராட்டு எதுவும் இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கெழம டெய்லர்ட்டப் போயி அளவு குடுத்துருங்க வாத்தியாரே. குழுவுல எல்லாருக்கும் ஒரே துணியில சட்டை தைக்கிறோம்."

அன்றைக்குக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பாட்டைக் கேட்டார்கள், மயிலைப் பார்த்தார்கள். இல்லாத ஒரு சத்தத்தைக் கேட்டுப் பூரித்துப்போய் நின்ற பட்டதாரி நான் ஒருவன்தான்.