துரை வளர்த்த மான்

வில்லியனூரிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு நானும் என் கணவரும் ஊர் சுற்றக் கிளம்பிய மூன்றாம் நாள், பாகூர் ஏரிப் பக்கம் ஒரு பிரெஞ்சுத் துரையின் பண்ணையைப் பார்க்கப் போனோம். தான் வேட்டையாடிய மிருகங்களைப் பாடம் செய்து ஒரு கூடம் நிறைய வைத்திருந்தார். அங்கிருந்த பெண்மானின் கண்ணாடிக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. துரைக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து, "இன்னாங்க, சரியான பாவியா இருப்பாரு போலக்குதே!" என்றேன் கணவரிடம்.

"ஆமாம்மா, பாவிதான்" என்றார் துரை, தமிழிலேயே. நான் சட்டென்று கணவருக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் கோபிக்காமல் எங்களைத் தோப்புக்கு அழைத்துப் போனார். வேலிக்குள் மான்கள் மேய்ந்தன. ஒன்று ஓடி வந்து அவர் கையை நக்கியது.

"உள்ளே ஒரு பெண்மானைப் பார்த்தீங்களே, அதோட குட்டி இது. சுட்ட பிறகுதான் இதைப் பார்த்தேன். அப்புறம் துப்பாக்கியைத் தொடலை."

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் தாயைக் கொன்ற கையைத்தான் அந்த மான் நக்கிக்கொண்டிருந்தது. அவரைத் திட்டியது தப்பா, சரியா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.