வாய் வைத்து ஊதிய பித்தளை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் புந்தோங் பக்கம் இருக்கும் நண்பர் சொக்கலிங்கத்தின் வீட்டில் கூடுவோம். அவருக்கு ஏலப் பைத்தியம். துருப்பிடித்த பழைய சாமான்களைப் பெட்டி பெட்டியாக ஏலத்தில் எடுத்து வருவார். எது என்ன என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. இதில் என் சாமர்த்தியம் உங்களுக்குத் தெரியாது. ஒரு இரும்புக் கொக்கியைப் பார்த்து யானைப் பாகனின் அங்குசம் என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அது ஐஸ் கட்டி தூக்கும் கொக்கி என்று அவர் மனைவி அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார்.

போன வாரம் கிடைத்தது விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய். ஒரு முனையில் மரை, மறுமுனையில் ஊசித் துளை.

"விசில் மாதிரி இருக்குண்ணே. ஊதிப் பாத்தா தெரிஞ்சிரும்லா" என்று சொக்கலிங்கம் அதை வாய்க்குக் கொண்டுபோனார். தட்டிவிட்டேன். குழாய் நாற்காலிக்கு அடியில் உருண்டது. அறுபதைத் தாண்டிய என் கை அவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்கே தெரியாது.

அது மருந்து பம்பின் நாசில், மருந்து பீச்சும் முனை. கோப்பெங் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் களைக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வோம். பொம்பளைகள் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மர வரிசைக்குள் அடித்துக்கொண்டே போவார்கள். என் அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சாயங்காலம் அவள் வருவதற்கு முன்பே வாடை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்துவிடும். குளித்தாலும் தலைமுடியில் நிற்கும். நான் மூக்கைப் பிடிப்பேன்.

"நாத்தம்னா தள்ளிப் போய்ப் படுடா" என்பாள். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன்.

ஆற்றுத் தண்ணீரில் மருந்தைக் கலப்பதால் நாசில் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்த, வேலை வாங்கும் மண்டோர் விடமாட்டார். "ஓட்ட பெருசாச்சுன்னா மருந்து வீணாப் போவும்லா" என்று அதட்டுவார். அதனால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். அப்படியும் வராவிட்டால் உறிஞ்சித் துப்புவார்கள். மருந்து டின்னில் மண்டை ஓடு படம் இருந்தது. ஆனால் டின் ஸ்டோரிலேயே இருந்துவிடும், கலந்த வாளிதான் இவர்களிடம் வரும்.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தெலுக் இந்தான் ஊர். அதற்குள் ஒருநாள் உறிஞ்சும்போது கொஞ்சம் உள்ளே போய்விட்டது. வாய்க்கால் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மிச்ச வரிசையையும் அடித்து முடித்தாள். அன்றைக்கு ரசம் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் தொண்டைப் புண் என்று ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். பத்து நாள் கழித்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூச்சு இழுப்பு வந்துவிட்டது. "காத்து பத்தலம்மா" என்றாள். கல்யாணத்துக்கு எடுத்த புடவையைப் போர்த்தித்தான் அவளை எடுத்தோம். சில நாளில் அதே பம்பை வேறொரு பெண் மாட்டிக்கொண்டு போனாள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நான் சொல்லி முடித்ததும் சொக்கலிங்கம் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"அக்கா பேரு என்னண்ணே?"

லயம் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். அவளைப் புதைத்த மேட்டில் செம்பனைத் தோட்டம். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட அப்பா, அம்மா, கூடவே பம்பு தூக்கிய பெண்கள், ஒருவரும் இல்லை. நான் அவளை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி கூப்பிடுவானா? எனக்கு அக்கா, அவ்வளவுதான்.

"மரகதம்" என்றேன். முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னது போல இருந்தது.